ஐ.வி. பேருந்து எங்கே போகிறது?

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் உயிர்த்தொழில்நுட்பம், வேதிப்பொறியியல், உணவுத் தொழில்நுட்பம் ஆகிய துறைகளின் தலைவர்களாக இருக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம்.

நான் சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கத்துப் பிள்ளை. உங்களில் ஒருவரிடம் நான்கு வருடம் பி.டெக். பயோடெக்னாலஜி படித்தேன். பிறகு பெங்களூருவில் ஒரு மைக்ரோ ப்ரூவரியில், அதாவது சின்னப் பியர் ஆலையில், இரண்டு வருடம் வேலை பார்த்தேன். இப்போது பெர்லினில் பியர் தயாரிப்புத் தொழில்நுட்பம் படிக்கிறேன். வகுப்பு இல்லாத நாட்களில் பையைத் தூக்கிக்கொண்டு ஜெர்மனி, செக், பெல்ஜியம், டென்மார்க் என்று பியர் ஆலைகளையும், அந்த ஆலைகளுக்கு மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), ஹாப்ஸ் (பியருக்குக் கைப்பும் மணமும் தரும் கொடியின் பூ), வால்வு, குழாய் விற்பவர்களையும் தேடிப் போய்ப் பார்க்கிறேன். அந்தப் பயணங்களில் மனதில் சேர்ந்ததுதான் இந்த மடல். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ஆண்டுதோறும் நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவைக்கும் ஐ.வி.யை, இண்டஸ்ட்ரியல் விசிட்டை, ஒரு நிஜமான ஆலைப் பயணமாக மாற்றுங்கள்.

மதுவைப் பற்றிப் பேசுகிறேனே என்று யாருக்காவது மனம் சுளித்தால் எனக்கு அது புரிகிறது. குடியால் சிதைந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. என் அம்மா இன்றுவரை சொந்தக்காரர்களிடம் நான் "ஃபுட் டெக்னாலஜி" படிப்பதாகத்தான் சொல்கிறார், அதை நான் திருத்துவதில்லை. யாரையும் குடிக்கச் சொல்லியோ, இந்தத் தொழிலுக்கு ஆள் சேர்க்கவோ இதை எழுதவில்லை. மாவுச்சத்து சர்க்கரையாவது, ஈஸ்ட் அதை உண்பது, குழாயில் ஒரு சொட்டு பழைய திரவம் தங்கினால் என்ன கெடும் என்பது ஆகியவை பால் ஆலைக்கும், மருந்து ஆலைக்கும், சவ்வரிசி ஆலைக்கும் பொதுவான படிப்பு. நான் அதைப் பியர் ஆலையில் கற்றேன். உங்கள் மாணவர்கள் எங்கே வேண்டுமானாலும் கற்கலாம், ஆனால் உள்ளே போக வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் எங்களை ஐ.வி. கூட்டிப்போனார்கள். தலைக்குப் பல ஆயிரம் ரூபாய், இரண்டு இரவு பேருந்தில், மூன்று பகல் மலையிலும் அருவியிலும். நடுவில் ஒரு பால் பதப்படுத்தும் ஆலை. மாடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அறுபது பேரும் நெருக்கி நின்றோம். கீழே பளபளக்கும் குழாய்கள் ஓடின. ஒருவர் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார், முன்வரிசையைத் தாண்டி யாருக்கும் கேட்கவில்லை. ஆளுக்கொரு பாட்டில் ரோஸ் மில்க் கொடுத்தார்கள். இருபது நிமிடத்தில் மீண்டும் பேருந்து. சீனியர் எழுதிய ரிப்போர்ட்டைப் பெயர் மாற்றிச் சமர்ப்பித்தோம், எல்லோருக்கும் நல்ல மார்க். எங்கள் வகுப்பில் ஏழெட்டுப் பெண்கள் வரவே இல்லை. இரவுப் பயணம் என்பதால் வீட்டில் விடவில்லை. பணம் கட்ட முடியாமல் "காய்ச்சல்" என்று சொல்லி நின்றுவிட்ட இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். எங்களோடு வந்த ஆசிரியர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. அறுபது பிள்ளைகளைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதே அவர்களுக்குப் பெரிய பாரமாக இருந்திருக்கும்.

அந்தக் கண்ணாடித் தடுப்பின் விலை எனக்குத் தெரியவந்தது பல வருடம் கழித்து, வடஜெர்மனியில் வால்வும் குழாய் இணைப்பும் செய்கிற ஒரு பட்டறையில். நாங்கள் பன்னிரண்டு பேர் போயிருந்தோம். சுற்றிக்காட்ட வந்தவர் வணக்கம் சொன்ன கையோடு, "என்ன கேள்வி கொண்டுவந்திருக்கிறீர்கள்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். பிரேசிலிலிருந்து வந்த தோழி நோட்டைத் திறந்து தங்கள் ஆலையில் ஒரு பம்ப் திரும்பத் திரும்ப ஒழுகுவதைப் பற்றிக் கேட்டாள். என் முறை வந்தபோது என்னிடம் எதுவுமில்லை. இரண்டு வருடம் ஆலையில் வேலை பார்த்திருந்தும் எதுவுமில்லை. பார்க்கப் போவது என்றால் பார்த்துவிட்டு வருவது என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு அவர் மேசையில் ஒரு குழாய் இணைப்பை வைத்தார். வட்டமான நட்டு, விளிம்பில் காடி வெட்டியிருக்கும். கொக்கி போன்ற ஸ்பானரைக் காடியில் மாட்டித் திருக வேண்டும். ஜெர்மன் பியர் ஆலைகளில் எங்கே திரும்பினாலும் இது கண்ணில் படும். இதன் பெயரே "பால்குழாய் இணைப்பு". பால் ஆலைக்கென்று வந்தது, பியர் ஆலையும் எடுத்துக்கொண்டது. திருகிக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை என் கையில் கொடுத்தார். பழைய வளையம். ஓரத்தில் கடினமாகி, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. "முகர்ந்து பாருங்கள்" என்றார். புளித்த வாடை. வளையத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு நூலளவு இடுக்கு. காஸ்டிக் சோடாவைக் குழாய் வழியாக எத்தனை முறை ஓட்டினாலும் அந்த இடுக்கில் உட்கார்ந்திருக்கும் பாக்டீரியாவுக்கு ஒன்றும் ஆகாது. பெங்களூருவில் ஒரே டேங்கின் பியர் மட்டும் அடிக்கடி புளித்தபோது நாங்கள் ஈஸ்டைக் குறை சொன்னோம், தண்ணீரைக் குறை சொன்னோம், கடைசியில் வெயிலைக்கூடக் குறை சொன்னோம். யாரும் ஸ்பானரை எடுத்து அந்த நட்டைத் திருகவில்லை.

அன்று கண்ணாடிக்குக் கீழே ஓடிய பால் குழாய்களில் இந்த மாதிரி இணைப்புகள் எத்தனை இருந்திருக்கும்! ஐந்து நிமிடம் கீழே இறக்கிவிட்டு, ஒரே ஒரு நட்டைக் கழற்றிக் காட்டியிருந்தால் போதும். "டெட் ஸ்பேஸ்", அதாவது கழுவும் திரவம் எட்டாத இடுக்கு, என்று பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதியது அப்போதே கையில் ஏறியிருக்கும்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எங்கே போனாலும் போகும் முன் மூன்று கேள்வி எழுதிக்கொண்டுதான் கிளம்புவேன். கூடவே இன்னொரு பழக்கமும் வந்தது. ஆலைகளை விட ஆலைகளுக்கு விற்பவர்களிடம் அதிகம் போகத் தொடங்கினேன். பியர் ஆலையில் விருந்தாளிக்குக் காட்டுவது துடைத்து வைத்த செம்புப் பாத்திரத்தை. விற்பவரிடம் வந்து சேர்வதோ நூறு ஆலைகளின் புகார்கள். எது எங்கே உடையும், எது எப்போது அடைக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

பாம்பெர்க்கில் இதை முழுதாகக் கண்டேன். பவேரியாவின் வடக்கே பிராங்கோனியாவில் இருக்கிற பழைய நகரம், 1993இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ரயிலை விட்டு இறங்கினால் பக்கத்திலேயே சிவப்பும் மஞ்சளுமாகச் செங்கல் கட்டடங்கள். 1879இல் தொடங்கிய வையர்மன் மால்ட் ஆலை. தெருவிலேயே ரொட்டி சுடும் வாசனையும் காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனையும் கலந்து வரும். மால்ட் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அது எப்படி இருந்தது என்று சொல்ல ஆசை. அம்மா கேழ்வரகை ஊறவைத்து, வெள்ளைத் துணியில் முடிந்து கட்டித் தொங்கவிடுவார். முளை வெளியே எட்டிப் பார்த்ததும் உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து வருவார். அந்த மாவில் காய்ச்சும் கூழ் சாதாரண கேழ்வரகுக் கூழ் போலக் கெட்டிப்படாது, இளகி நிற்கும். குழந்தைக்கு லேசாகச் செரிக்கும் என்பார். முளைக்கும் தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி ஊறி மாவுச்சத்தை வெட்டுகிறது, அதனால்தான் இளகுகிறது. பாம்பெர்க்கில் டன் கணக்கில் நடப்பதும் அதுவே. பார்லியை ஏறக்குறைய இரண்டு நாள் ஊறவைப்பார்கள். ஈரம் நூற்றுக்கு நாற்பத்தைந்து அளவுக்கு வந்ததும் ஐந்து நாள் போல முளைக்க விட்டு, பிறகு சூடான காற்றில் உலர்த்துவார்கள். வெளிறிய மால்ட்டுக்கு முடிவில் 80 டிகிரியை ஒட்டிய சூடு. கேரமல் மால்ட்டுக்கோ ஈரமான முளையை அப்படியே உருளைக்குள் போட்டுச் சூடேற்றுவார்கள். ஒவ்வொரு மணிக்குள்ளும் மாவு சர்க்கரைப் பாகாகி, பிறகு அந்தப் பாகு இறுகும். கடித்தால் மிட்டாய் போல நொறுங்கும்.

அந்த நகரிலேயே ஷ்லெங்கெர்லா என்ற பழைய மதுவிடுதியின் ஆலை இன்னும் பீச் மரக்கட்டையை எரித்து, அந்தப் புகையிலேயே மால்ட்டை உலர்த்துகிறது. முதல் மிடறில் கருவாடு சுட்ட அடுப்படி நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் நெருப்பில் உலர்த்திய மால்ட்டில் புகை ஏறுவது சகஜம். புகையில்லாமல் உலர்த்தக் கற்றுக்கொண்ட பிறகு மற்றவர்களில் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள், இவர்கள் விடவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. பிராங்கோனியப் பக்கத்தில் ஒரு மால்ட் ஆலை ஆய்வகத்தில், நோட்டில் எழுதி வைத்திருந்த முதல் கேள்வியைக் கேட்டேன். பெங்களூருவில் சில வாரங்களில் மாஷ், அதாவது அரைத்த மால்ட்டை வெந்நீரில் கலந்த கூழ், வடியாமல் கட்டிக்கொள்ளும். இரண்டு மணி நேர வேலைக்கு ஆறு மணி நேரம் ஆகும், துடுப்பால் கிளறிக் கிளறித் தோள் விட்டுப்போகும். ஏன்? ஆய்வகத்து அம்மா என்னைத் திருப்பிக் கேட்டார். மால்ட் மூட்டையோடு வரும் அறிக்கையில் நொறுங்கும் தன்மை எவ்வளவு? பீட்டா குளுக்கான் எவ்வளவு? மால்ட்டை அரைக்கும் உருளைகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு, கடைசியாக எப்போது அளந்தீர்கள்? மூன்றுக்கும் என்னிடம் விடை இல்லை. அந்த அறிக்கைக் காகிதம் ஒவ்வொரு லோடுக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. கோப்பில் போட்டு மூடினோம்.

அவர் இரண்டு மால்ட் மணிகளைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார். ஒன்று அப்பளம் போல நொறுங்கியது. மற்றது பாதி நொறுங்கி, நுனியில் கல் போல நின்றது. சரியாக முளைக்காத பகுதி அது, செல்சுவர் உடையவில்லை. அந்தச் சுவரிலிருக்கும் பீட்டா குளுக்கான் என்ற பசை கரைந்து வந்து சாற்றைக் கஞ்சி போலக் கெட்டியாக்கி, வடிகட்டியை அடைக்கிறது. பிறகு அறிக்கையில் "கோல்பாக் எண்" என்ற வரியைக் காட்டினார். மொத்தப் புரதத்தில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்ற கணக்கு அது. முளைப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அதை வைத்துச் சொல்லலாம். பாட்டி சோற்றைப் பதம் பார்ப்பது போல அவர் அந்தக் காகிதத்தை வாசித்தார்.

அந்தப் புரதத்தை எதைக் கொண்டு அளந்தார்கள்? நீங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கெல்டால் முறையில்தான் அந்தக் கணக்கே தொடங்கியது. எங்கள் லேபில் மூன்றாவது செமஸ்டரில் அந்தக் கண்ணாடிக் குடுவையோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். "கெல்டால்" ஒரு மனிதரின் பெயர் என்பதே அன்று எனக்குத் தோன்றவில்லை. அவர் பியர் ஆலையில் சம்பளம் வாங்கியவர். அதைத் தெரிந்துகொண்ட பிறகு கோபன்ஹேகனுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. கார்ல்ஸ்பெர்க் ஆலையை நிறுவிய ஜே. சி. ஜேக்கப்சன் 1875இல் ஓர் ஆய்வகம் தொடங்கினார். அங்கே பார்லியிலும் மால்ட்டிலும் உள்ள புரதத்தை அளக்க வழி தேடிய யோஹான் கெல்டால் 1883இல் அந்த முறையை வெளியிட்டார். அதே 1883இல், அதே ஆய்வகத்தில், எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து சுத்தமான ஈஸ்ட் வளர்த்துக் காட்டினார். அந்த ஈஸ்டைப் பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார்கள். 1909இல் அமிலத்தன்மையைச் சொல்லும் பி.எச். அளவுகோல் வந்ததும் அங்கிருந்துதான், எஸ். பி. எல். சோரன்சன் அதைத் தந்தார். நாம் தண்ணீர்த் தொட்டியில் காகிதத்தை நனைத்து நிறம் பார்க்கிறோமே, அந்தப் பி.எச்.! புள்ளியியல் தாளில் வரும் ஸ்டூடண்ட்ஸ் டி-டெஸ்ட்டின் கதையும் இப்படித்தான். டப்ளின் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், குறைந்த மாதிரிகளை வைத்து எப்படி முடிவெடுப்பது என்று யோசித்து 1908இல் "ஸ்டூடண்ட்" என்ற புனைபெயரில் வெளியிட்டது அது. டப்ளினுக்கு நான் போகவில்லை, அயர்லாந்துக்குத் தனி விசா வேண்டும். ஆனால் இந்த மூன்றையும் பாடமாகப் படித்த மாணவனுக்கு அவை எந்த ஆலையின் எந்தத் தொல்லையைத் தீர்க்கப் பிறந்தவை என்று யாரும் சொல்லவில்லையே என்ற ஏக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

செப்டம்பரில் ஹாலர்ட்டாவ் போனேன். மியூனிக்கிற்கு வடக்கே, 15,000 ஹெக்டேருக்கும் மேல் ஹாப்ஸ் விளையும் பூமி. ஒரே தொகுப்பாக ஹாப்ஸ் பயிராகும் பரப்புகளில் உலகிலேயே பெரியது. ஏழு மீட்டர் உயரக் கம்பங்கள், மேலே கம்பி வலை, அதிலிருந்து தொங்கும் கம்பிகளில் கொடிகள். நம் ஊர் வெற்றிலைக் கொடிக்காலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு உயர்த்தி, கண்ணுக்கெட்டிய தூரம் விரித்தால் எப்படி இருக்கும், அப்படி. வசந்தத்தில் அடியிலிருந்து கிளம்பும் கொடி, உச்ச வேகத்தில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டர் வரை ஏறுமாம். மேலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில்தான் சுற்றும். மாற்றிச் சுற்றிவிட்டால் தானே அவிழ்ந்து வந்துவிடும்.

ஒரு குடும்பத்தின் தோட்டத்தில் இரண்டு நாள் கூடவே இருந்தேன். டிராக்டர் கொடியை அடியில் வெட்டி மேலிருந்து உருவி இழுக்கும். வீட்டுக் கொட்டகையில் இருக்கும் இயந்திரம் கூம்புப் பூக்களை மட்டும் பிரித்தெடுக்கும். அறுவடைக்கு ஆண்டுதோறும் வரும் போலந்து, ருமேனியா தொழிலாளிகள் பாடிக்கொண்டே கொடிகளை மாட்டுவார்கள். பூவை இரண்டாகக் கிழித்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி, லுபுலின். பியரின் கைப்பும் மணமும் அதில்தான். பெண் கொடி மட்டும்தான் வளர்ப்பார்கள், ஆண் கொடியைக் கண்டால் பிடுங்கிவிடுவார்கள், விதை பிடித்துவிடக் கூடாதென்று.

மாலையில் உலர்களத்துக்கு மேலே ஏறினோம். பறித்த பூவில் நூற்றுக்கு எண்பது பங்கு ஈரம். அதை 60, 65 டிகிரிக் காற்றில் பத்துப் பங்கு ஈரம் வரை கொண்டுவர வேண்டும். சுவரில் திரையும் எண்களும் இருந்தன. ஆனாலும் அந்த வீட்டுப் பெரியவர் குவியலுக்குள் கையை விட்டு ஒரு பூவை எடுத்து நடுக்காம்பை வளைத்துப் பார்த்தார். ஒடிய வேண்டும். ஒடியாமல் வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, பொதியில் போய்ச் சூடேறிக் கெட்டுவிடும். மிளகாய் வற்றலை அள்ளிக் குலுக்கி விதை சலசலக்கிறதா என்று கேட்பாரே என் தாத்தா, அவர் நினைவு வந்தது. பெரியவர் என் கையிலும் ஒரு பிடி கொடுத்து, கசக்கி முகரச் சொன்னார். எலுமிச்சைத் தோல், வெட்டிய புல், கொஞ்சம் மிளகு. கை முழுதும் மஞ்சள் பிசின். சோப்புப் போட்டும் போகவில்லை. அன்றிரவு தங்கின அறையில் சோறு வடித்து, ஊறுகாய் வைத்துப் பிசைந்து வாயில் வைத்தேன், அத்தனை கைப்பு! ஹாப்ஸின் கைப்புக்கு மூலமான ஆல்பா அமிலம், வேகும்போது அது உருமாறும் ஐசோமரைசேஷன் என்று நான் மனப்பாடம் செய்த எல்லாமும் அந்த ஒரு கவளத்தில் இருந்தது. அதை எந்தப் பரீட்சையிலும் இனி நான் மறக்க மாட்டேன்.

பக்கத்து ஹூல் கிராமத்தில் ஹாப்ஸ் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பூஞ்சாண நோய் கொடிகளை அழித்த காலத்தில், 1926இல் தொடங்கினார்கள். பெர்லே, ஹெர்குலெஸ், மாண்டரினா பவேரியா என்று பியர் காய்ச்சுகிறவர்களுக்குப் பழக்கமான ரகங்கள் அங்கே பிறந்தவை. 2022இல் வெயிலும் வறட்சியும் ஹாலர்ட்டாவ் விளைச்சலைக் கடுமையாக அடித்தன. அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது அந்தப் பெரியவர் குரல் தாழ்ந்தது. மழை பொய்த்த கதையை எந்த மொழியில் கேட்டாலும் ஒரே மாதிரி இருக்கிறது. பெங்களூருவில் ஹாப்ஸ் எனக்கு வெள்ளிப் பொட்டலத்தில் பச்சைக் குச்சிகளாக வந்தது, விலை ஏறினால் ஏசினோம், அவ்வளவுதான்.

செக் நாட்டின் பில்சன் நகரில் பார்த்ததை உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஆய்வகப் பாடம். 1838இல் அவ்வூர் மக்கள் கெட்டுப்போன பியரைப் பீப்பாய் பீப்பாயாக நகரமன்றத்தின் முன் கொட்டிவிட்டார்களாம். பிறகு எல்லோரும் சேர்ந்து புது ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து ஜோசப் குரோல் என்பவரை வரவழைத்தார்கள். 1842 அக்டோபர் 5 அன்று அவர் காய்ச்சியது உலகெங்கும் "பில்ஸ்னர்" என்று பரவிய பொன்னிற பியரின் மூலம். ஊர்த் தண்ணீர் உப்பில்லாத மென்னீர், பக்கத்து ஜாட்டெட்ஸ் பகுதியின் மென்மையான ஹாப்ஸ், வெளிறிய மால்ட், அடியில் புளிக்கும் ஈஸ்ட். நான்கும் ஓரிடத்தில் கூடின.

தரைக்குக் கீழே ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நீளத்துக்குக் குடைந்த நிலவறைகள். இன்று பியர் எல்லாம் மேலே ஸ்டீல் டேங்குகளில்தான் விளைகிறது. ஆனாலும் கீழே கொஞ்சம் மட்டும் பழையபடி திறந்த மரத்தொட்டியில் புளிக்கவைத்து, ஓக் பீப்பாயில் ஆறவிடுகிறார்கள். அங்கே மரப்பீப்பாய் செய்யும் தச்சர்கள் இன்னும் சம்பளத்தில் இருக்கிறார்கள். சுற்றுலாக்காரர்களுக்காகத்தான் என்று நினைத்தேன். அதுமட்டுமில்லையாம். ஸ்டீலுக்கு மாறியபோது சுவை மாறிவிட்டதா என்று பார்க்க, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஒப்பீட்டுக்காக வைத்துக்கொண்டதை அவர்கள் விடவில்லை. "கன்ட்ரோல் சாம்பிள்" இல்லாமல் சோதனை இல்லை என்று நீங்கள் எங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! ஓர் ஆலை தன் கன்ட்ரோல் சாம்பிளுக்காகத் தச்சர்களை வைத்துச் சோறு போடுகிறது.

அந்தக் குளிரில் ஒரு வாசலில் காவலர் இடுப்பில் கையகலக் கருவி ஒன்று மாட்டியிருந்தார். கார்பன் டை ஆக்சைடு அளவு கூடினால் அலறும். ஈஸ்ட் விடும் வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும், கண்ணுக்குத் தெரியாது. தனியாக யாரும் டேங்குக்குள் தலையை நீட்டக்கூடாது என்பது இங்கே எல்லா ஆலைகளிலும் நாங்கள் கேட்ட முதல் வாக்கியம். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி, மேலே வராமலே போனவர்களைப் பற்றி நம் ஊரில் எத்தனை செய்தி படித்திருக்கிறோம். உங்கள் மாணவர்கள் நாளை அந்த ஆலைகளில் மேலதிகாரிகள் ஆவார்கள். இறங்கச் சொல்லும் வாய் அவர்களுடையதாக இருக்கும். அந்தக் கருவியை ஒருமுறையாவது அவர்கள் கையில் கொடுத்துக் காட்டுங்கள்.

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் கான்டியோன் ஆலை, ரோசெலாரெ நகரின் மாபெரும் ஓக் மரத்தொட்டிகள் என்று இன்னும் நிறைய உண்டு. மாடியில் அகலமான செம்புத் தட்டில் சாற்றை இரவெல்லாம் திறந்து வைத்து, காற்றிலிருக்கும் நுண்ணுயிர்களை வரவேற்கும் ஆலையைப் பார்த்தால், கிருமியில்லாத காற்று ஓடும் லாமினார் ஃப்ளோ மேசையில் வளர்ந்த மைக்ரோபயாலஜி மாணவனுக்கு மூச்சு நின்றுவிடும். குளிர்காலத்தில் மட்டும்தான் காய்ச்சுவார்கள், சிலந்தி வலையைக் கலைக்க மாட்டார்கள். நேரம் கிடைத்தால் அதைத் தனியாக எழுதுகிறேன்.

இங்கே இப்படித் திரிந்து படிப்பது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. மியூனிக்கின் காப்ரியேல் செடில்மையரும் வியன்னாவின் அன்டன் டிரெஹரும் இளைஞர்களாக 1833இல் பிரிட்டன் முழுக்க ஆலை ஆலையாகப் போனார்கள். உள்ளே குழலாகக் குடைந்த கைத்தடியில் சாற்றைத் திருட்டுத்தனமாக எடுத்துப்போய் அறையில் அளந்து பார்த்தார்களாம். இன்று கைத்தடி தேவையில்லை. கடிதம் எழுதினாலே பெரும்பாலும் கதவு திறக்கிறது. பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம், காலை எட்டுக்கு வாருங்கள், மூடிய ஷூ போடுங்கள் என்று பதில் வரும். மாணவன்தான் நாளைய வாடிக்கையாளன் என்று விற்பவருக்குத் தெரியும். அது அவருடைய கணக்கு. நமக்கு லாபம்.

"நம்ம ஊர்க் கம்பெனிக்காரங்க உள்ளே விடமாட்டாங்க" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. அறுபது பேரை விடமாட்டார்கள்தான். விடவும் கூடாது. பதினைந்து பேரை, அரை நாளுக்கு, கேள்விகளை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டு, மூன்று நான்கு வருடம் தொடர்ந்து ஒரே ஆலைக்கு அனுப்பிப் பாருங்கள். தூரம் போக வேண்டாம். நாமக்கல், சேலம், ஈரோடு பக்கம் கல்லூரி என்றால் சவ்வரிசி ஆலை, மஞ்சள் மண்டி, பால் குளிரூட்டும் நிலையம். காங்கேயம் பக்கம் என்றால் அரிசி ஆலை, எண்ணெய்ச் செக்கு. தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. பெரிய ஆலை விடாவிட்டால் அதற்குக் கேஸ்கெட் (அந்த ரப்பர் வளையம்தான்) விற்பவரிடம், பம்ப் பழுது பார்ப்பவரிடம் போங்கள். கோயம்புத்தூரில் பம்ப் செய்யாத தெரு உண்டா? காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினால் பெண் பிள்ளைகள் யாரும் விடுபட மாட்டார்கள், பல ஆயிரம் ரூபாயும் கேட்க வேண்டியதில்லை. மலைக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. பிள்ளைகள் சந்தோஷமாகப் போய்வரட்டும், அதைச் சுற்றுலா என்றே சொல்லுங்கள், மார்க் வேண்டாம். ஐ.வி.க்கு மார்க் போடும்போது, தானே கேட்டு, தானே அளந்து வந்த ஓர் எண் அந்த ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு வெப்பநிலை, ஓர் ஈர அளவு, ஒரு குழாயின் விட்டம். ஒன்று போதும்.

எங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே சேகோ ஃபேக்டரி வாசனை அடிக்கும். மரவள்ளி புளித்த அந்த வாசனையில்தான் வளர்ந்தேன். கிழங்கைக் கழுவி, தோலுரித்து, அரைத்து, பாலைச் சலித்துத் தொட்டியில் தெளிய விட்டு, படிந்த மாவைத் துணித் தொட்டிலில் போட்டுக் குலுக்கி மணியாக்கி, சூடான தட்டில் வறுத்து, களத்தில் காயவைப்பார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி. ஸ்டார்ச் ஹைட்ராலிசிஸ் பற்றி நான்கு வருடம் படித்தவன், பள்ளிக்கூடம் போகும் வழியில் இருந்த அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை.

தையில் ஊருக்கு வருகிறேன். கிழங்கு வரத்து இருக்கும் நேரம். அந்த ஆலைக்காரரிடம் போனில் பேசிவிட்டேன். என் அப்பாவுக்குத் தெரிந்தவர். "பத்துப் பதினைந்து பசங்கன்னா கூட்டிட்டு வாப்பா, அரைக்கிற நேரத்துக்கே வாங்க, சும்மா வந்து போட்டோ எடுத்துட்டுப் போகாதீங்க" என்றார். தெளிவுத் தொட்டியில் பி.எச். அளக்கலாம், ஈர மாவின் எடையும் காய்ந்த மணியின் எடையும் பார்க்கலாம், சம்மதித்துவிட்டார். அளவுக் கருவிகளை நான் கொண்டுவருகிறேன். பதினைந்து பேரின் கேள்விகளையும் முன்கூட்டியே வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு ஆன்லைனில் உட்கார்ந்து திருத்தித் தருகிறேன். எந்தக் கல்லூரி, எந்தத் துறை முதலில் வருகிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

மரியாதையுடன்,
உங்கள் பழைய மாணவர்களில் ஒருவர்
பெர்லின்